பதினோரு வருஷம் நின்ன முதல் கார்: சாவியைத் திருகறதுக்கு முன்னாடி

இந்த வாரம் ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேர், ஊர், வண்டி மாடல் எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டதால அதையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வேலைக்குப் போய் மூணாவது வருஷம், வீட்ல யார்கிட்டயும் காசு வாங்காம சொந்த சம்பளத்துல தவணை கட்டி வாங்குன சின்ன பெட்ரோல் கார். கார்புரேட்டர் வண்டி, மேனுவல் கியர். ஓட்டக் கத்துக்கிட்டது அதுலதான், பொண்ணு பிறந்து ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்ததும் அதுலதான். அப்புறம் வேலை மாறி வெளியூர் போனப்ப அம்மா வீட்டு ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி விட்டுட்டுப் போனாங்க, 11 வருஷம் ஆச்சு. மொத ரெண்டு வருஷம் லீவுக்கு வரும்போதெல்லாம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, பேட்டரி போனதும் அதுவும் நின்னுபோச்சு.

இப்ப அந்த வீட்ல இருக்கற தம்பி ஷெட்டை இடிக்கப் போறாரு, மூணு மாசத்துல வண்டிக்கு ஒரு வழி பண்ணுக்கான்னு சொல்லிட்டாரு. ஒரு மெக்கானிக் பாத்துட்டு "புது பேட்டரி, அஞ்சு லிட்டர் பெட்ரோல், ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டே போயிடலாம்"ங்கறாரு. இன்னொருத்தர் இன்ஜினை இறக்கி முழுசா பிரிக்கணும்ங்கறாரு. தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தர் "என்கிட்ட கொடுங்கக்கா, நான் ரெடி பண்ணி ஓட்டிக்கறேன், வேணும்போது நீங்க எடுத்துக்கங்க"ன்னு பேப்பர்ல கையெழுத்து கேக்கறாரு. வீட்டுக்காரர் எடைக்குப் போட்டுடலாம்ங்கறாரு. இவங்களுக்கு ஆசை, ரெடி பண்ணி காலேஜ் போற பொண்ணு கையில கொடுக்கணும்னு. "68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டயர்ல பட்டன் அப்படியே இருக்கு, பிரேக் மிதிச்சா கெட்டியா இருக்கு. வண்டி நல்லாத்தான் இருக்கும்னு நம்பறேன், தப்பா?" இதுதான் கேள்வி.

மேடம், ஆசைல தப்பே இல்ல, ஆனா அந்த ஞாயித்துக்கிழமை ப்ரோக்ராமை மொதல்ல கேன்சல் பண்ணுங்க. ஒர்க்ஷாப்புக்கு வர்ற இந்த மாதிரி வண்டிகள்ல நிறைய, நின்னு கெட்டதை விட அவசரமா ஸ்டார்ட் பண்ணி கெட்டதுதான் அதிகம். நின்ன வரைக்கும் சின்ன செலவுல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, யாரோ ஆர்வத்துல ஜம்ப் கேபிள் போட்டு செல்ஃப் அடிச்சதும் பெரிய வேலையாயிடுது.

68,000 கிலோமீட்டர் கணக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஓடுனா என்னென்ன தேயுமோ அதுக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. ரப்பர், ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், இதுக்கெல்லாம் மீட்டர்ல என்ன காட்டுதுன்னே தெரியாது, அதுங்களுக்கு வருஷம்தான் கணக்கு. உங்க வண்டி இன்ஜின் பேரிங் கணக்குல இளசா இருக்கலாம், ஓஸ் பைப் கணக்குல ரொம்ப வயசானது.

அப்புறம் அந்தப் பத்து நிமிஷ ஸ்டார்ட். நல்லதுன்னு நினைச்சுதான் பண்ணியிருக்கீங்க, நிறைய பேர் பண்றாங்க, ஆனா அது பாதி கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். இன்ஜின் நல்லா சூடாகி அரை மணி நேரம் ரோட்ல ஓடுனா அது சைலன்சர் வழியா போயிடும். நின்ன இடத்துலயே பத்து நிமிஷம் ஓட்டி அணைச்சா அதுல ஒரு பங்கு சைலன்சருக்குள்ளயும் இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கற சம்ப்லயும் தங்கிடும். அதனால மொதல்ல ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் வெளுத்துப் போய் டீ கலர்ல நுரைச்ச மாதிரி இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம், அது இந்த ஈரமாவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) போய் கூலன்ட் இறங்குனதாவும் இருக்கலாம். கருப்பா இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், எப்படியும் மாத்தப் போறோம்.

அவசரமா செல்ஃப் அடிச்சா என்னாகும்

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை வராது, பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு காட்டமான புளிச்ச நாத்தம் வரும். பெட்ரோல்ல சட்டுனு ஆவியாகற பாகம் எல்லாம் போயிட்டு மிச்சம் இருக்கறது காத்து பட்டு பிசினா மாறிடும், இது சில மாசத்துலயே ஆரம்பிக்கற விஷயம், 11 வருஷத்துக்குக் கேக்கவே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலா இருந்தா அது ஈரத்தை இழுத்து தண்ணி தனியா அடியில தங்கி டேங்க்கை உள்ளயே துருப்பிடிக்க வைக்கும். இதுமேல அஞ்சு லிட்டர் புது பெட்ரோலை ஊத்துனா என்ன ஆகும், அடியில இருக்கற துருவும் பிசினும் கலங்கி பம்ப் வழியா கார்புரேட்டர் ஜெட்ல, அதாவது பெட்ரோல் வர்ற பொடி ஓட்டையில போய் உக்காரும். பழச முழுசா இறக்கி, டேங்க்கைக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சுப் பாத்து கழுவி, கார்புரேட்டரைப் பிரிச்சு சுத்தம் பண்ணி புது கேஸ்கட் கிட் போட்டு, பெட்ரோல் ஓஸ் அத்தனையும் மாத்திட்டுத்தான் புது பெட்ரோல். ஓஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கற வகையா கேட்டு வாங்குங்க, பழைய காலத்து ரப்பரை அது சாப்பிட்டுடும்.

அடுத்தது இன்ஜின் உள்ளாற. இத்தனை வருஷத்துல சிலிண்டர் சுவர்ல இருந்த ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சிருக்கும், பிஸ்டன் ரிங் துருவுல ஒட்டிக்கிட்டு இருக்கலாம், ஒண்ணு ரெண்டு வால்வு திறந்த நிலையிலயே இறுகியிருக்கலாம். செல்ஃப் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, அது பலத்தோட சுத்திடும். டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கற பெல்ட்) உள்ள இன்ஜினா இருந்தா இன்னும் மோசம், பெல்ட்டுக்கு கிலோமீட்டர் கணக்கு மாதிரியே வருஷக் கணக்கும் உண்டு, கம்பெனிகள் பெரும்பாலும் அஞ்சுல இருந்து பத்து வருஷத்துக்குள்ள மாத்தச் சொல்றது சும்மா இல்ல. காஞ்சு வெடிச்ச பெல்ட் அறுந்தா சில இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வுல மோதி வளைச்சிடும், அதோட ரெண்டாவது மெக்கானிக் சொன்ன வேலை நிஜமாவே வந்துடும். செயின் உள்ள இன்ஜின்னா இந்தக் கவலை குறைவு.

சரியான முறை ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல, பொறுமை மட்டும் வேணும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு மூணு ஸ்பூன் மெல்லிசான ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற விடணும். கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டு முன்னாடி கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமா சுத்தற பக்கமாவே கையால மெதுவா சுத்தணும். வழுவழுன்னு ரெண்டு முழு சுத்து வந்துட்டா பெரிய நிம்மதி. நடுவுல எங்கயாவது இடிச்சு நின்னா பலம் போடக்கூடாது, திரும்ப ஆயில் விட்டு ஊற வைக்கணும், இல்ல மேல் கவரைத் திறந்து வால்வைப் பாக்கணும். அப்புறம் ஆயில், ஃபில்டர், பெல்ட், கூலன்ட் மாத்திட்டு, பிளக் போடாமயே, இக்னிஷனைத் துண்டிச்சு வச்சுட்டு புது பேட்டரில விட்டு விட்டு செல்ஃப் அடிச்சு, டேஷ்போர்டுல ஆயில் லைட் அணையற வரைக்கும் ஆயிலை மேல ஏத்தணும். அதுக்கப்புறம்தான் பிளக், பெட்ரோல், ஸ்டார்ட். அன்னைக்கு வண்டி திறந்த வெளியில இருக்கணும், பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும், கூடவே ஒரு ஆள். மூடின ஷெட்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

எலியை மறந்துட்டேனே. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தா சீட்டு ஸ்பான்ஞ்சும் கிழிச்ச பேப்பருமா ஒரு கூடு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கூடு இருந்தா ஒயரிங்கையும் கடிச்சிருக்கும், தோல் உரிஞ்ச ஒயரும் வெடிச்ச பெட்ரோல் ஓஸும் ஒரே பானெட்டுக்குள்ள இருக்கும்போது பேட்டரி கனெக்ஷன் கொடுக்கறதுதான் இந்த வேலையிலயே ஆபத்தான நிமிஷம். ஒயரிங் முழுக்க பாத்த பிறகுதான் பேட்டரி. எலிப் புழுக்கை, மூத்திரம் வழியா நோய் வரும், அதனால காஞ்சதைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, மாஸ்க்கும் கிளவுஸும் போட்டுக்கிட்டு கிருமிநாசினி தெளிச்சு நனைச்சுட்டு அள்ளுங்க.

ஓடறதுக்கு முன்னாடி நிக்கணும்

பிரேக் மிதிச்சா கெட்டியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பவே கூடாது. சாதாரண பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற குணம் உள்ளது. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனதுக்கப்புறம் அந்த அளவு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிச்சா உள்ள ஆவியாகி பெடல் அப்படியே தரைக்குப் போயிடும். அதுக்கும் மேல, அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் உள்சுவரை அரிச்சு வச்சிருக்கும். இப்ப பெடல் கெட்டியா இருக்கறது ரப்பர் வாஷர் ஒரே இடத்துல நிக்கறதால. நாலு தடவை ஆழமா மிதிச்சா அது துருப்பிடிச்ச பகுதில உரசி கிழியும், கிழியறது எந்த மிதிலன்னு யாருக்கும் தெரியாது. சிலிண்டர், ரப்பர் ஓஸ், ஆயில் எல்லாமே மாத்திடுங்க, இரும்பு பைப்பைத் துடைச்சு குழி விழுந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுட்டுப் போயிருந்தா பின் சக்கரம் ஒட்டியிருக்கும், அதைத் தரதரன்னு இழுக்காம கேபிளைத் தளர்த்திட்டு டிரம்மைச் சுத்தி மெதுவா தட்டித்தான் விடுவிக்கணும்.

டயர் கதையும் இதேதான். பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கற எழுத்து வரிசை இருக்கும், அதோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2312ன்னு இருந்தா 2012ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல டயர் ஓட்டாதீங்கன்னு பல டயர் கம்பெனிகளே சொல்றாங்க, ரப்பர் உள்ளுக்குள்ள காஞ்சு அடுக்கு பிரியும், வேகத்துல போகும்போதுதான் அது தெரியவரும். ஸ்டெப்னியும் சேத்து அஞ்சு டயர். இப்ப இருக்கறதை ஷெட்ல இருந்து வண்டியை வெளிய தள்றதுக்கு மட்டும் வச்சுக்கங்க.

முடிவு பண்ண வேண்டியது இன்ஜினைப் பாத்து இல்ல

ரெண்டு மெக்கானிக்கும் இன்ஜினைப் பத்தியே சண்டை போட்டிருக்காங்க. என்னைக் கேட்டா இந்த வண்டி பிழைக்குமா போகுமாங்கறதுக்கு பதில் பானெட்டுக்குள்ள இல்ல, தரைக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல இருக்கு. இன்ஜின் எவ்வளவு கெட்டாலும் ரிப்பேர் பண்ணலாம், இன்னொண்ணு கூட கிடைக்கும். பாடி ஷெல் அரிச்சிருந்தா அதுதான் வண்டியே போன மாதிரி. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினேன்னு பெருமையா எழுதியிருக்கீங்க, அதுவும் கவலைதான், மண் தரைல இருந்து ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம அடியிலயே வேலை பாத்திருக்கும்.

கார்பெட்டைத் தூக்கி கால் வைக்கற இடத்தைப் பாருங்க. ஜாக் வைக்கற நாலு இடம், கதவுக்குக் கீழ ஓடற சில், பின் சஸ்பென்ஷன் பிடிச்சிருக்கற இடம், முன்னாடி ஷாக் அப்சார்பர் மேல வந்து உக்கார்ற இடம், பேட்டரி தட்டு, ஸ்டெப்னி குழி, இவ்வளவும் பாக்கணும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்திக் குத்துங்க. மேலாக்க செதில் உதிர்ந்து அடியில கெட்டியா நின்னா மேல்துரு, சுரண்டி பிரைமர் அடிச்சா தீர்ந்துச்சு. பொத்துன்னு உள்ள போச்சுன்னா தகடு வெட்டி வெல்டு வைக்கணும். அதுவும் ஒரு இடம் ரெண்டு இடம்னா ஓகே, சஸ்பென்ஷன் பிடிக்கற இடமும் சில்லும் சேந்தே போயிருந்தா நான் இந்த வண்டியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வரச் சொல்ல மாட்டேன், எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி. ஜாக்ல மட்டும் தூக்கிட்டு அடியில போகாதீங்க, ஸ்டாண்டு வச்சுத்தான். துருப்பிடிச்ச ஜாக் பாயின்ட்டே அமுங்கி வண்டி இறங்கிடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. டிங்கரிங் ஆள் சிலர் ஓட்டையை பட்டி வச்சு இழைச்சு பெயின்ட் அடிச்சு புதுசு மாதிரி கொடுப்பாங்க, ஆறு மாசம் அழகா இருக்கும். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி வெறும் தகடா இருக்கும்போது நேர்ல போய்ப் பாருங்க, முடியலன்னா ஃபோட்டோ கேளுங்க, தர யோசிச்சா அங்க வேலையை நிறுத்துங்க.

பொண்ணுக்குக் கொடுக்கறது

இது உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நீங்க எழுதின மாடல்ல ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. எவ்வளவு செலவு பண்ணி எவ்வளவு அழகா ரெடி பண்ணாலும் அது அந்தக் காலத்துப் பாதுகாப்பு உள்ள வண்டிதான். அனுபவம் குறைஞ்ச ஒருத்தர் தினமும் டிராஃபிக்ல ஓட்டறதுக்கு இதைக் கொடுக்கறது எனக்குச் சரியா படல. இந்தக் காரை உங்க காரா வச்சுக்கங்க. லீவு நாள்ல நீங்க ரெண்டு பேருமா எடுத்துட்டுப் போங்க, காலி ரோட்ல அவங்க ஓட்டட்டும், சோக் இழுத்து ஸ்டார்ட் பண்றது எப்படின்னு சொல்லிக் கொடுங்க. தினசரிக்கு வேற வண்டி. இப்படி முடிவு பண்ணிட்டா உங்க செலவும் குறையும், ஏன்னா தினமும் நம்பி ஓட்டற அளவுக்கு எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்க வேண்டிய அவசரம் போயிடும்.

செலவைப் பத்தி ஒளிவு மறைவில்லாம சொல்லணும்னா, முழு ரெஸ்டோரேஷன் பண்ணா போட்ட காசு விக்கும்போது திரும்ப வராது. அபூர்வமான சில மாடல்களுக்கு வேற கணக்கு இருக்கலாம், சாதாரண குடும்பக் காருக்கு அது கிடையாது. அதனால லாபம்னு யார் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க, இது உங்க சந்தோஷத்துக்கான செலவு, அப்படி நினைச்சு எவ்வளவு வரைக்கும் போகலாம்னு இப்பவே வீட்டுக்காரரோட உக்காந்து ஒரு எல்லை போட்டுக்கங்க. அவர் எடைக்குப் போடுன்னு சொல்றதுக்குப் பின்னாடி முடிவில்லாத செலவு பயம்தான் இருக்கும்னு நினைக்கறேன்.

வேலையைக் கட்டம் கட்டமா கொடுங்க. மொதல்ல அடிப்பகுதி செக் பண்றது மட்டும். அது பாஸானா பிரேக், டயர், பெட்ரோல் லைன், இன்ஜின், அதாவது ஓடி நிக்கற நிலைமை. கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் டிங்கரிங், சீட்டு, பெயின்ட். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, ஆர்வத்துல மொத நாளே வண்டியை நட்டு போல்ட் வரைக்கும் பிரிச்சுப் போட்டுட்டு பாதில காசும் நேரமும் தீர்ந்து, டப்பா டப்பாவா பார்ட்ஸா கிடந்து கடைசில அந்த டப்பாக்கள் எடைக்குப் போகும். ஒர்க்ஷாப்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க, அதுக்கு மேல போனா கேக்காம பண்ணக்கூடாதுன்னு அதுலயே எழுதுங்க, கழட்டின பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்க. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீங்க.

தம்பியோட ஃப்ரெண்டு கேக்கற கையெழுத்து

போடாதீங்க. அவர் நல்லவராவே இருக்கலாம், பிரச்சனை அது இல்ல. வண்டி உங்க பேர்ல இருக்கற வரைக்கும் அவர் ஓட்டி ஏதாவது ஆனா கேள்வி மொதல்ல உங்ககிட்ட வரும். மாத்திக் கொடுத்துட்டீங்கன்னா "வேணும்போது எடுத்துக்கங்க"ங்கற வாய் வார்த்தைக்கு மதிப்பில்ல, அவர் காசு போட்ட வண்டியை அவர் ஏன் திருப்பித் தரணும்? விக்கறதா இருந்தா விலை, தேதி, கிலோமீட்டர் எழுதி முழுசா பேர் மாத்திக் கொடுங்க. நிரப்பாத ஃபாரத்துல கையெழுத்து மட்டும் என்னைக்கும் வேண்டாம். எடைக்குப் போட்டாலும் பதிவை ரத்து பண்ணி அதுக்கான பேப்பரை வாங்கி வச்சுக்கங்க, இல்லன்னா அந்த நம்பர் பிளேட்டும் சேஸிஸ் நம்பரும் வேற எதுலயாவது ஏறி வந்து உங்க வாசல்ல நிக்கும்.

வச்சுக்கறதா முடிவு பண்ணா ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பதிவு உயிரோட இருக்கா, இத்தனை வயசான வண்டிக்கு உங்க பகுதில என்ன தகுதிச் சோதனை, புகைச் சோதனை, ஏதாவது வயசு வரம்பு இருக்கான்னு பதிவு அலுவலகத்துல நேர்ல கேட்டுடுங்க. இது இடத்துக்கு இடம் மாறும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு நம்பி பெயின்ட் அடிச்சுட்டு அப்புறம் போய் நிக்காதீங்க. பேப்பர்ல இருக்கற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. இன்சூரன்ஸ் இல்லாம ஒர்க்ஷாப் வரைக்கும் ஓட்டிட்டோ கயிறு கட்டி இழுத்துட்டோ போகாதீங்க, பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கறது எப்படியும் பைத்தியக்காரத்தனம். லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும்.

தம்பி கொடுத்த மூணு மாசம் வண்டியை ரெடி பண்றதுக்குப் பத்தாது, ஆனா முடிவெடுக்கறதுக்கு தாராளம். அவர்கிட்ட அந்தக் கெடு ஷெட்டுக்குத்தான், வண்டிக்கு இல்லன்னு பேசிப் பாருங்க. மழை படாத காங்கிரீட் தரை எங்கயாவது கிடைச்சா டேங்க்கைக் காலி பண்ணி, ஸ்டாண்டு மேல ஏத்தி, காத்து போற மாதிரி துணிக் கவர் போட்டு இன்னும் ஒரு வருஷம் கூட வைக்கலாம், இப்ப காசு கையில இல்லன்னா இதுவும் ஒரு நல்ல முடிவுதான்.

இப்போதைக்கு அந்த ரெண்டு மெக்கானிக்கையும் நிறுத்தி வைங்க. நான் சொன்ன இடங்களை ஸ்க்ரூ டிரைவர் குத்தின பிறகு பகல் வெளிச்சத்துல கிட்ட வச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, சில் ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு வேணும். அதைப் பாத்துட்டு வெல்டு எங்க வரும், வச்சுக்கலாமா விட்டுடலாமான்னு சொல்றேன்.